காத்திருக்கப் பெரிய மெஷின் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ‘சர்வர் ஏன் திணறுகிறது?’ என்றொரு கட்டுரை வந்திருந்தது. ரூபி என்ற கம்ப்யூட்டர் மொழியில், காத்திருக்கும் வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஃபைபர் ஷெட்யூலர் என்ற ஏற்பாட்டுக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுத்தான் படிக்க உட்கார்ந்தேன். முக்கியமான இடத்தில் கட்டுரை தடம் மாறிவிட்டது. அதனால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். முழுவதும் போட இடமில்லை என்றால் கடைசிப் பத்தியையாவது போடுங்கள்.

‘ஃபைபர்கள் நூறு வேலையை ஒரே நேரத்தில் செய்வதால் சர்வர் வேகமாகிறது, அதுவும் போதாவிட்டால் பெரிய மெஷின் வாங்குவதே வழி’ என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஃபைபர் என்பது நடுவில் நிறுத்தி வைத்துப் பிறகு தொடரக்கூடிய ஒரு வேலை. நூறு ஃபைபர் இருந்தாலும் நூறு வேலை ஒரே நேரத்தில் நடப்பதில்லை. எந்த நொடியில் எட்டிப் பார்த்தாலும் ஓடிக்கொண்டிருப்பது ஒன்றுதான். மற்ற தொண்ணூற்றொன்பதும் காத்திருக்கின்றன. சேர்ந்து நடப்பது அந்தக் காத்திருப்பு மட்டும்தான். இதைப் பிரித்துச் சொல்லாமல் விட்டதால்தான் பெரிய மெஷின், அதாவது பெரிய கம்ப்யூட்டர், வாங்கும் யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது.

இதைச் சொல்ல இந்தப் பாட்டி யார் என்று கேட்கலாம். நான் தொலைபேசித் துறையில் வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். அப்போது எங்கள் ஊருக்கு அரசாங்கக் கணக்கில் மாயூரம் என்று பேர். மயிலாடுதுறை ஆனது 1982-இல். டிரங்க் போர்டு போய் எஸ்டிடி வந்தது, எஸ்டிடி பூத் போய் செல்போன் வந்தது, நானும் ஓய்வு பெற்றேன். சும்மா சீரியல் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் மருமகளிடம் ரூபி கற்றுக்கொண்டேன். அவள் வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதுகிறவள். அறுவடை மெஷின் புக்கிங்குக்கு அவள் எழுதிக் கொடுத்த புரோகிராம் எங்கள் பக்கத்தில் சில புரோக்கர்களிடம் ஓடுகிறது. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று லாகை, அதாவது புரோகிராம் எழுதிவைக்கும் நடவடிக்கைக் குறிப்பை, பார்த்துச் சொல்வது என் வேலை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு லாகைப் படிப்பது எனக்குப் பிடித்தமான காரியம்.

சம்பா அறுவடைக் காலத்தில் எங்கள் ஊர் எப்படியிருக்கும் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. தை மாதத்தில் ‘மழை வருகிறது’ என்று டிவியில் சொன்னால் போதும், அதுவரை ‘நாலு நாள் போகட்டும்’ என்று இருந்தவர்கள் எல்லாம் ஒன்றாக மெஷின் கேட்பார்கள். வயல் ஈரமாக இருந்தால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது, எப்போது வரும் என்று அத்தனை பேருக்கும் எஸ்எம்எஸ் போக வேண்டும். வருஷம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு அந்தச் சில நாள்தான் சோதனை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 600 விவசாயிகளுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எஸ்எம்எஸ்ஸை அனுப்பிவைக்கும் கம்பெனியின் சர்வர் (கேட்வே) பதில் சொல்ல அரை நொடி ஆகிறது. பேர், ஊர், வண்டி நம்பர் சேர்த்துச் செய்தியைத் தயாரிக்க நம் புரோகிராமுக்கு இரண்டு மில்லி நொடி. ஒன்றன்பின் ஒன்றாக லூப் போட்டால் மொத்தம் 300 நொடிக்கு மேல், அதாவது ஐந்து நிமிடம். அதில் நம் சிபியு உண்மையில் உழைத்தது 1.2 நொடி. மீதி முழுவதும் அடுத்த முனையிலிருந்து பதில் வருமா என்று வாய் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இரண்டு மடங்கு வேகமான மெஷின் வாங்கினால் 1.2 நொடி 0.6 ஆகும். 300 நொடி அப்படியே இருக்கும். கட்டுரையாளர் சொன்ன யோசனைக்குப் பணம் கொடுத்தால் கிடைப்பது அந்த 0.6 நொடி.

அதே 600-ஐ ஐம்பது ஐம்பதாகச் சேர்ந்து காத்திருக்க விட்டால் பன்னிரண்டு சுற்று, சுற்றுக்கு அரை நொடி. ஆறேழு நொடியில் முடிந்துவிடும். பழைய மெஷினேதான். ஃபைபர் ஷெட்யூலர் செய்வது இதைத்தான்.

டிரங்க் போர்டில் இருந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. ஒரு மிராசுதார் மெட்ராசுக்கு டிரங்க் கால் கேட்பார். நாங்கள் டிக்கெட்டில் நம்பர், நேரம், ஆர்டினரியா அர்ஜென்ட்டா என்று எழுதிக்கொண்டு, ‘போனை வைங்க சார், கிடைச்சதும் கூப்பிடறேன்’ என்போம். மெட்ராஸ் லைன் கிடைக்கும்வரை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவருக்காகவே உட்கார்ந்திருந்தால் மற்ற பார்ட்டிகள் கதி என்ன? அடுத்த டிக்கெட்டை எடுப்போம், தஞ்சாவூரைக் கூப்பிடுவோம், திருச்சியைக் கூப்பிடுவோம். மெட்ராஸ் முனை பதில் சொன்னால் போர்டில் அந்த லைனின் விளக்கு எரியும். உடனே மிராசுதாரின் டிக்கெட்டைத் தேடி எடுத்து, அவருக்கு மணியடித்து, இணைப்பு வயரைச் செருகுவோம். ஒரே ஆபரேட்டர், ஒரே வாய். ஆனால் மேஜையில் இருபது டிக்கெட் உயிரோடு இருக்கும்.

ரூபியில் ஃபைபர் என்பது அந்த டிக்கெட். வேலை எந்த வரியில் நின்றது, கையிலிருந்த மதிப்புகள் என்ன என்பதையெல்லாம் தன் ஸ்டாக்கில் (தனக்கென்று உள்ள நினைவிடத்தில்) வைத்துக்கொண்டிருக்கும். ஆபரேட்டர் இருக்கும் இடத்தில் ஒரு திரெட், அதாவது புரோகிராமின் வரிகளை ஒவ்வொன்றாக ஓட்டும் ஓர் இழை. விளக்குப் பலகை, எந்த இணைப்பில் தரவு வந்திருக்கிறது என்று சொல்லும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வசதி: லினக்ஸில் அதற்கு இபோல் என்று பேர், மேக்கிலும் பிஎஸ்டியிலும் கேக்யூ. எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்து எந்த டிக்கெட்டை எழுப்புவது என்று முடிவு செய்வது ஷெட்யூலர்.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. சாதாரணமாக ஒரு புரோகிராம் சாக்கெட்டிலிருந்து, அதாவது நெட்வொர்க் இணைப்பின் நம் பக்க முனையிலிருந்து, படிக்கப் போய், அங்கே தரவு இன்னும் வரவில்லை என்றால், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் அந்தத் திரெட்டைத் தூங்க வைத்துவிடும். வந்ததும் எழுப்பும். இது பிளாக்கிங். சாக்கெட்டை நான்-பிளாக்கிங் என்று குறித்துவிட்டால் கெர்னல் தூங்க வைக்காது. ‘இப்போது ஒன்றும் இல்லை, பிறகு வா’ என்று பிழைக் குறி ஒன்றைக் கொடுத்து உடனே திருப்பி அனுப்பிவிடும். அந்தக் குறிக்கு ஈஅகெய்ன் என்று பேர். ரூபி 3.0-இலிருந்து சாக்கெட்டுகளும் பைப்புகளும் (புரோகிராம்களுக்கு இடையிலான தரவுக் குழாய்கள்) இயல்பிலேயே நான்-பிளாக்கிங்காகத் திறக்கப்படுகின்றன. ஒரு ஃபைபருக்குள் இருந்து படிக்கும்போது ‘பிறகு வா’ என்று பதில் வந்தால், ரூபி அந்தத் திரெட்டில் ஷெட்யூலர் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அதன் ஐஓ_வெயிட் என்ற ஹூக்கை, அதாவது இந்தச் சமயத்துக்கென்று ஷெட்யூலர் வைத்திருக்கும் ஃபங்ஷனை, அழைக்கிறது. ஷெட்யூலர் அந்தச் சாக்கெட்டை இபோலிடம் பதிந்துவிட்டு, தயாராக நிற்கும் வேறு ஃபைபருக்குக் கட்டுப்பாட்டை மாற்றிவிடுகிறது. தரவு வந்ததாக இபோல் சொன்னதும் பழைய ஃபைபர் விட்ட வரியிலிருந்து தொடர்கிறது. ஸ்லீப் என்று எழுதினால் கெர்னல்_ஸ்லீப் ஹூக். மியூடெக்ஸ் என்ற பூட்டுக்கோ க்யூ என்ற வரிசைக்கோ காத்திருந்தால் பிளாக், அன்பிளாக் என்ற இரண்டு ஹூக்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், புரோகிராம் எழுதுகிறவர் எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை என்பது. படி, பிறகு எழுது, பிறகு தூங்கு என்று வரிசையாக எழுதியதை அப்படியே விடலாம். ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் காத்திருக்கும் இடங்களில் எல்லாம் அவெய்ட் (காத்திரு) என்று எழுத வேண்டும். ஒரு ஃபங்ஷனில் எழுதினால் அதை அழைக்கும் ஃபங்ஷன், அதை அழைப்பது என்று மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். ரூபியில் அந்தத் தொற்று இல்லை. ஜாவாவும் 2023 செப்டம்பரில் வந்த 21-ஆம் பதிப்பில் விர்ச்சுவல் திரெட் என்று ஏறக்குறைய இதே வழிக்கு வந்துவிட்டது. அவெய்ட் கட்சிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு: எந்த வரியில் கை மாறும் என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும். என் மருமகளுக்கு அதுதான் இஷ்டம். எனக்கு இல்லை. இந்தத் தகராறு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

கட்டுரையில் அடுத்து உறுத்தியது ‘ரூபி 3.0-ஐ நிறுவினாலே ஷெட்யூலர் ஓடத் தொடங்கிவிடும்’ என்ற வாக்கியம். கிடையாது. ரூபி கொடுப்பது ஓர் ஒப்பந்தம் மட்டும்: இன்ன இன்ன ஹூக்குகள் உள்ள ஒரு பொருளைக் கொண்டுவா, நான் இன்ன இடத்தில் அவற்றை அழைக்கிறேன் என்பது. அந்தப் பொருளை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். இந்த ஏற்பாட்டை ரூபிக்குள் கொண்டுவந்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் வில்லியம்ஸ். ரூபியில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தப் புரோகிராம் தொகுப்புக்கு ஜெம் என்று பேர். அவரே எழுதிய ஏசிங்க் என்ற ஜெம்மைத்தான் பெரும்பாலும் எல்லோரும் உபயோகிக்கிறார்கள், நாங்களும் அதைத்தான். ஃபால்கன் என்ற வெப் சர்வரும் அவருடையதே. ரூபியின் சொந்தச் சோதனைக் கோப்புகளுக்குள் இபோலைப் போன்ற பழைய வசதியான செலக்ட்டை வைத்து எழுதிய சின்ன ஷெட்யூலர் ஒன்றும் இருக்கிறது. கற்றுக்கொள்ள அருமையானது, நான் அதைப் படித்துத்தான் விஷயத்தைப் பிடித்தேன். ஆனால் அதை வைத்துக் கடை நடத்தக் கூடாது.

ரூபி 3.0 வெளிவந்தது 2020 டிசம்பர் 25. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 28-இல், மயிலாடுதுறை தனி மாவட்டமானது. நாகப்பட்டினத்துக்குப் பஸ் பிடித்து ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டாவது செய்திதான் பெரிது, நியாயம்தான். எனக்கு இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததால் இரண்டு தேதியும் மறப்பதில்லை.

ஃபைபரே அன்று வந்தது போலவும் கட்டுரை எழுதியிருக்கிறது. ஃபைபர் ரூபி 1.9 காலத்திலிருந்தே உண்டு. அப்போது எங்கே நிற்பது, எப்போது தொடர்வது என்று எல்லாவற்றையும் நாமே கையால் சொல்ல வேண்டும். 3.0 சேர்த்தது, காத்திருக்கும் இடங்களைத் தானே கண்டுபிடித்து ஷெட்யூலரிடம் தள்ளிவிடும் ஏற்பாட்டைத்தான். அதுவும் ஒரே நாளில் முழுமையாகவில்லை. 3.0-இல் ஒரு சர்வரின் பேரைக் கொடுத்து அதன் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் வேலை ஷெட்யூலரிடம் போகாது. அந்த இடத்தில் மொத்தத் திரெட்டும் நிற்கும். அதற்கான ஹூக் அடுத்த வருஷம் 3.1-இல்தான் வந்தது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு ‘ஃபைபர் போட்டும் நிற்கிறதே’ என்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

இன்னொரு இடம். ‘ஹார்ட் டிஸ்கில் உள்ள பெரிய ஃபைலைப் படிக்கும்போதும் மற்ற ஃபைபர்கள் ஓடும்’ என்று போட்டிருக்கிறீர்கள். லினக்ஸில் இபோலை நம்பியிருக்கும்வரை இது நடக்காது. டிஸ்கில் கிடக்கும் சாதாரண ஃபைலை இபோலிடம் பதியப் போனால் ‘அனுமதியில்லை’ என்று பிழை வரும். கெர்னலின் பார்வையில் டிஸ்க் ஃபைல் எப்போதும் ‘தயார்’. படிக்கச் சொன்னால் டிஸ்கிலிருந்து எடுத்துவரும்வரை திரெட் அங்கேயே நிற்கும். இதற்கு மாற்றாகத்தான் ஐஓ-யூரிங் வந்தது. ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது, 2019-இல் லினக்ஸ் 5.1-உடன் சேர்ந்தது. இபோல் ‘இப்போது படித்தால் நிற்காது, வந்து படித்துக்கொள்’ என்று சொல்லும். ஐஓ-யூரிங்கிடம் ‘படித்துக் கொடு’ என்று கேட்டுவிட்டுப் போனால், ‘படித்து முடித்தாயிற்று, இந்தா’ என்று சொல்லும். அதனால் டிஸ்க் ஃபைலுக்கும் அது ஒத்துவரும். ரூபி 3.1-இல் ஐஓ_ரீட், ஐஓ_ரைட் என்று இரண்டு ஹூக் சேர்த்ததே இந்த மாதிரி முழு வேலையையும் ஷெட்யூலர் கையில் கொடுப்பதற்குத்தான். உங்கள் சர்வரில் எது ஓடுகிறது என்று பார்க்காமல் டிஸ்க் விஷயத்தில் வாக்குக் கொடுக்கக் கூடாது.

சரி, ஃபைபர் எங்கே கைவிடும்? இதைப் பற்றிக் கட்டுரை மூச்சே விடவில்லை.

முதலாவது, கணக்குப் போடும் வேலை. ஃபைபர் காத்திருக்கும் இடத்தில்தான் கை மாறும். ரசீதுகளை எல்லாம் பிடிஎஃப்பாக மாற்றும் லூப் மூன்று நொடி ஓடினால், அந்த மூன்று நொடியும் மற்ற ஃபைபர்கள் அசையாது. ஷெட்யூலர் இடையில் புகுந்து பிடுங்காது. அதற்கு அந்த அதிகாரமே இல்லை. ஆபரேட்டர் ஒரு பார்ட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால் போர்டு முழுக்க விளக்கு எரிந்தாலும் பார்க்க ஆளில்லை என்பது மாதிரி. இந்த மாதிரி வேலையைத் தனியாக ஓடும் இன்னொரு புரோகிராமுக்கு (பிராசஸுக்கு) ஒதுக்கிவிட வேண்டும். பெரிய மெஷின் உதவுவதும் இந்த இடத்தில்தான். கட்டுரையாளர் இதைச் சொல்லிவிட்டு மெஷின் வாங்கச் சொல்லியிருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன்.

இரண்டாவது இன்னும் மறைவானது. எங்கள் புக்கிங் புரோகிராமில் ஒரு தை மாதம், செய்தி எல்லாம் பறந்துகொண்டிருக்கும், நடுவில் திடீரென்று மொத்தமும் இரண்டு மூன்று நொடி உறையும், பிறகு ஓடும். லாகில் பிழை ஒன்றும் இல்லை. நான் நேரக் குறிப்புகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்: ஒவ்வொரு உறைவுக்கும் முன்னால் தரவுத்தளத்துக்கு ஒரு பெரிய கேள்வி போயிருந்தது. தரவுத்தளத்தோடு பேச நாங்கள் வைத்திருந்த ஜெம் உள்ளே சி மொழியில் எழுதியது; அந்த சி நூலகம் தானே சாக்கெட்டைத் திறந்து தானே நேராகக் கெர்னலிடம் காத்திருக்கிறது. ரூபிக்கே தெரியாமல் நடக்கும் காத்திருப்பை ரூபி எப்படி ஷெட்யூலரிடம் சொல்லும்? ‘அத்தை, பிரச்சனை நம்ம கோட்ல இல்ல, ஜெம்ல’ என்று மருமகள் சொன்னாள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்துக்கான பிஜி ஜெம் 1.3 பதிப்பிலிருந்து ஷெட்யூலரோடு ஒத்துப்போகிறது. அதற்கு மாறினோம், உறைவு போயிற்று. எனவே ஃபைபருக்கு மாறுகிறவர்கள் தாங்கள் உபயோகிக்கும் ஒவ்வொரு ஜெம்மும் எதன் வழியாகக் காத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மாறட்டும். நூறு ஃபைபரில் ஒன்று நேராகக் கெர்னலிடம் போய் நின்றாலும் நூறும் நிற்கும்.

மூன்றாவது, அடக்கம் இல்லாமல் அள்ளி விடுவது. ஃபைபர் மலிவு, ஆயிரம் கூடத் திறக்கலாம் என்று கட்டுரை சொல்கிறது. நம் பக்கம் மலிவுதான். எதிர்ப் பக்கம்? 600 கோரிக்கையையும் ஒரே மூச்சில் எஸ்எம்எஸ் கேட்வேயிடம் தள்ளினால், ‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய்’ என்று 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பிக் கதவைச் சாத்திவிடும். போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஒரே நேரத்தில் 100 இணைப்புதான் ஏற்கும். அதனால்தான் மேலே கணக்கில் ஐம்பது ஐம்பதாக என்று சொன்னேன். ஏசிங்க் ஜெம்மில் இதற்கென்றே செமஃபோர் என்ற எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருக்கிறது. கேட்வேக்காரர் எவ்வளவு தாங்குவார் என்று கேட்டு, அந்த எண்ணைப் போட்டுவிட வேண்டும்.

‘திரெட் போட்டால் போதாதா, எதற்கு இந்தக் கூத்து?’ என்று வாசகர் யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ரூபியில் ஜிவிஎல் என்ற ஒரே பூட்டு இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் ரூபி கோடை ஓட்டும். ஆனால் ஐஓவுக்கு (தரவு வருவதற்கோ போவதற்கோ) காத்திருக்கும்போது திரெட் அந்தப் பூட்டை விட்டுவிடும். ஆக, பத்து இருபது காத்திருப்புக்குத் திரெட் தாராளமாகப் போதும். சின்னக் கடைக்காரர் ஃபைபரைத் தேடிப் போகத் தேவையில்லை. காத்திருப்பு ஆயிரக்கணக்கில் போகும்போதுதான் ஒவ்வொரு திரெட்டும் தின்னும் நினைவகமும், ஆபரேட்டிங் சிஸ்டம் அவற்றை மாற்றி மாற்றி ஓட்டும் செலவும் கையைக் கடிக்கும். அத்தோடு, திரெட்டை எந்த வரியில் வேண்டுமானாலும் நிறுத்திக் கை மாற்றுவார்கள். பாதி எழுதிய கணக்கை இன்னொரு திரெட் படித்துவிடும் ஆபத்து எங்கும் உண்டு. ஃபைபர் காத்திருக்கும் இடத்தில் மட்டும் மாறுவதால் அந்த ஆபத்து குறைவு. ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்: இருக்கிற ஒரே பெல்ட் வண்டியைப் பார்த்து, கேட்வேயிடம் ஏதோ கேட்டு, பிறகு புக் செய்தால், நடுவில் கேட்ட அந்த அரை நொடியில் இன்னொரு ஃபைபர் அதே வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்திருக்கும். தை மாதத்தில் ஒரே வண்டியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு எங்கள் ஊரில் தெருவில் நடக்க முடியாது.

கட்டுரையாளரிடம் எனக்கு வேறு வருத்தம் இல்லை. ஒரு மெஷின் மூச்சுத் திணறினால் அது உழைத்துத் திணறுகிறதா, சும்மா காத்திருந்து திணறுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். லினக்ஸில் டாப் என்று அடித்தால் தெரிந்துவிடும். சிபியு பத்து சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருக்க, வாடிக்கையாளர்கள் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால், அது காத்திருப்பு நோய். இந்த ஒரு சோதனையை எழுதியிருந்தால், வாடகைக்கு இரண்டு மடங்கு பெரிய சர்வர் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துச் சின்னக் கம்பெனிகளில் சிலருக்காவது காசு மிஞ்சியிருக்கும்.

கடைசியாக, கட்டுரையோடு பெட்டிக்குள் அச்சிட்டிருந்த மாதிரிப் புரோகிராமைத் திருத்திப் போடுங்கள். அதில் ஷெட்யூலரைத் திரெட்டில் பொருத்தும் ஃபைபர்.செட்_ஷெட்யூலர் என்ற வரி விட்டுப்போயிருக்கிறது. அது இல்லாமல் ஃபைபர்.ஷெட்யூல் என்று அழைத்தால் ‘ஷெட்யூலர் எதுவும் கிடைக்கவில்லை’ என்ற பொருளில் ரன்டைம் பிழைதான் வரும். கடைசி இரண்டு வரிகளில் சாக்கெட்டைப் படிக்கும் வேலை ஃபைபர்.ஷெட்யூல் பிளாக்குக்கு (அதற்குள் அடைத்து எழுதும் வரிகளுக்கு) வெளியே இருக்கிறது. திரெட்டின் முதன்மை ஃபைபர் பிளாக்கிங் வகை என்பதால், அங்கே படித்தால் பழையபடி நிற்கும். அந்த இரண்டு வரியையும் பிளாக்குக்குள் கொண்டுவர வேண்டும். எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் பையன்கள் அந்தப் பெட்டியைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டு, ஓடவில்லை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிரங்க் ஆபரேட்டர்,
கூறைநாடு, மயிலாடுதுறை.